அவர் தட்டும் என் தட்டும்

ஜனவரி 20, திங்கள்

பருப்பு மண்டிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. எப்போதும் அலமாரியில் தூங்கும். இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்டேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. வீட்டில் பேச்சு நின்றுபோய்விட்டது, யாரிடமாவது பேச வேண்டும்.

என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி, விருதுநகர் பருப்பு மார்க்கெட்டில் தரகர். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நின்று பேசிப் பேசியே குடும்பத்தைக் கரையேற்றியவர். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. குளிக்கும்போது கூடக் கதவுக்கு உள்ளேயிருந்து பேசுவார். டிசம்பரில் ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஏதோ சொல்ல வந்தவர் கட்டிலில் சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். வலது கையும் வலது காலும் விழுந்தன. பேச்சும் போனது.

ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது: "சரக்கு." தண்ணீர் வேண்டுமென்றாலும் சரக்கு, கக்கூசுக்குப் போக வேண்டுமென்றாலும் சரக்கு, மகள் போட்டோவைக் காட்டினாலும் சரக்கு. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை என்று டாக்டர் சொல்கிறார். போன வாரம் பார்க்க வந்த ஒரு மனிதர், இவர் இந்த நிலைமையிலும் குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்து முகத்தைச் சுளித்தார். நான் விளக்கம் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

ஜனவரி 22

முதுகில் புண் இல்லை. நன்றாகத் தூங்கினார். நான்தான் தூங்கவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

மதுரைக்குப் போய் வந்தோம். டாக்டர் பார்த்தபின் உணவு ஆலோசகர் சாருமதியிடம் அனுப்பினார்கள். நாற்பது வயசிருக்கும். நிதானமாகப் பேசுகிற பெண். இவர் முன்பு என்னென்ன சாப்பிடுவார் என்று கேட்டாள். காலையில் இட்லி, பதினொரு மணிக்கு மார்க்கெட்டில் டீயும் பன்னும், மத்தியானம் குவித்து வைத்த வெள்ளைச் சோறு, சாயங்காலம் சீனி தூக்கலாக இன்னொரு டீ, ராத்திரி கடையில் எண்ணெய்ப் பரோட்டா. நான் சொல்லச் சொல்ல இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாருமதி சொன்னதை மறக்காமல் எழுதிவைக்கிறேன்.

"மாவுச்சத்தே ஆகாதுன்னு நான் சொல்லலம்மா. எவ்வளவுன்னு மட்டும் பாக்காதீங்க, என்ன தரம்னு பாருங்க. நல்லாத் தீட்டின வெள்ளை அரிசி, மைதா, சீனி எல்லாம் உள்ளே போனதும் வேகமா ரத்தத்துல சர்க்கரையா ஏறும். வருஷக்கணக்கா தினமும் அப்படி நடந்தா ரத்தக் குழாய்க்கு நல்லதில்ல. முழுத் தானியம், தோலோட பயறு, காய், கீரை இதுல நார்ச்சத்து இருக்கு, மெதுவா ஏறும். அப்படிச் சாப்பிடறவங்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைவா வருதுன்னு நிறைய ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க. இது மாத்திரையோட சேந்து செய்ய வேண்டியது."

தரம் என்ற சொல்லைக் கேட்டதும் இவர் தலையை நிமிர்த்தினார். "சரக்கு" என்றார், மார்க்கெட்டில் பேரம் பேசும் அதே குரலில். சாருமதி சிரித்துவிட்டாள். பருப்பைக் கையில் அள்ளி விரல் இடுக்கில் விட்டே தரம் சொல்கிறவர் இவர். பளபளவென்று தீட்டியதைத்தான் முதல் தரம் என்று விற்றார். மார்க்கெட் நியாயம் வேறு, உடம்பின் நியாயம் வேறு போலிருக்கிறது.

கிளம்பும்போது சாருமதி என்னைப் பார்த்து, ரெண்டு பேருக்கும் ஒரே சமையலாகவே செய்யுங்கள், உங்களுக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்தாச்சா என்று கேட்டாள். பார்த்தாச்சு என்றேன். மகள் ஹேமா வயிற்றில் இருந்தபோது பார்த்தது. அதுவும் பார்த்ததுதானே.

பிப்ரவரி 2, ஞாயிறு

சமையல் இப்போது படிப்பு மாதிரி ஆகிவிட்டது. இவருக்குக் கைக்குத்தல் அரிசி ஒரு கரண்டி, முளைகட்டிய பயறு, கீரை, பொரியல், மோர். ஒரு நாள் வரகு, ஒரு நாள் குதிரைவாலி. சிறுதானியம்தானே என்று கூழாகக் குழைத்துக் கொடுத்தால் அதுவும் வேகமாகத்தான் ஏறுமாம், உதிரி உதிரியாக வேகவிட வேண்டும். முதல் நாள் வரகு கல்லாக இருந்தது. இன்று பதம் வந்துவிட்டது.

வெள்ளைப் பொன்னி ஒரு சிப்பம், இவர் விழுவதற்கு முந்தின வாரம்தான் இறக்கினார். முக்கால்வாசி அப்படியே கிடக்கிறது. அரிசியைத் தூரப் போடவா முடியும்? நான் முடித்துவிடுவேன். காலையில் வடித்துவிட்டால் மூன்று வேளைக்கும் ரசத்தை ஊற்றி முடிந்தது. ஒருத்திக்கென்று காய் என்ன, பயறு என்ன.

பிப்ரவரி 9, ஞாயிறு

மார்க்கெட் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஏன் எல்லாரும் பன்னும் ரஸ்க்கும் பிஸ்கட்டுமே வாங்கி வருகிறார்கள் தெரியவில்லை. பழத்தை இவருக்கு எடுத்து வைத்துவிட்டு மற்றதை டீயில் நனைத்து நானே தின்றுவிடுகிறேன். பசி தாங்குகிறது, நின்றபடியே சாப்பிட்டு முடிக்கலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று மத்தியானம் தன் தட்டை இடது கையால் என் பக்கம் தள்ளினார். வரகு பிடிக்கவில்லையோ என்று குதிரைவாலி கொண்டுவந்தேன். அதையும் தள்ளினார். பிறகு என் தட்டையே பார்த்தார். "சரக்கு" என்றார்.

எனக்குப் பாவமாக இருந்தது. அறுபது வருஷம் வெள்ளைச் சோறு தின்ற நாக்கு. கண் முன்னால் வெள்ளை வெளேரென்று வைத்துக்கொண்டு தின்றால் ஆசை வரத்தானே செய்யும். இனி இவர் பார்க்காத மாதிரி அடுக்களையில் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

ஹேமா ஓசூரிலிருந்து பேசினாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், டீச்சர்களுக்கு லீவு கிடைக்காது, ஏப்ரலில் வருகிறேன் என்றாள். அப்பாவைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டு, "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்றாள். எனக்கென்ன, நான் ஓடியாடி வேலை செய்கிறவள் என்றேன். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்றாள். அடுக்களையிலிருந்து போனுக்கு வேகமாக வந்தேன், அதுதான் என்றேன்.

இடது தோள்பட்டை வலிக்கிறது. இவரைத் தூக்கி உட்கார வைப்பதால் வரும் பிடிப்பு. தைலம் தேய்த்தேன்.

பிப்ரவரி 26

மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போய், பாதிப் படியில் உட்கார்ந்து எழுந்து வந்தேன். மாசியிலேயே வெயில் இப்படி.

மார்ச் 5, புதன்

இன்று நல்ல நாள். இவர் நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசற்கதவு வரை நடந்தார். பயிற்சி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் வரும் ரோஸ்லின் கூடவே நடந்தாள், ஆனால் தொடவில்லை. சாத்தூர்க்காரி. அதட்டுவாள், ஆனால் கை மெத்தென்று இருக்கும். கதவைத் தொட்டதும் இவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் பழைய ஆள் தெரிந்தார்.

ரோஸ்லின் போகும்போது, ஏன் ஆன்ட்டி இப்படி மூச்சு வாங்குகிறீர்கள் என்று கேட்டாள். சந்தோஷம்தான் என்றேன். ஒரு நாள் சர்க்கரை பார்த்துவிடுங்கள் என்றாள். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடியட்டும் என்றேன்.

பக்கத்து வீட்டு மெகருன்னிஸா நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டாள். இவருக்குக் கொடுக்க முடியாதே. ரெண்டு டம்ளர் நானே குடித்தேன். ராத்திரி ஒரே தாகம். செம்புத் தண்ணீர் காலி, நாலைந்து தடவை எழுந்து போனேன். தண்ணீர் நிறையக் குடிப்பது உடம்புக்கு நல்லதுதான்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதக் கூடாதென்று நினைத்தேன். எழுதாவிட்டால் மனசு ஆறாது.

அடுக்களையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஊன்றுகோல் சத்தம். யாரும் பிடிக்காமல் தானாக நடந்து வந்திருக்கிறார். சந்தோஷப்பட நேரமில்லை. மேடையில் இருந்த என் தட்டை இடது கையால் வீசித் தள்ளினார். சோறு தரையெல்லாம் சிதறியது. "சரக்கு, சரக்கு, சரக்கு" என்று கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது.

எனக்கும் பொறுக்கவில்லை. ரெண்டு மாசமாகப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன், எனக்கென்று ஒரு வாய்ச் சோறு தின்னக் கூடாதா, உங்களுக்குக் கூடாதென்றால் எனக்கும் கூடாதா என்று நானும் கத்தினேன். இவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லை என்கிறாரா, வேண்டும் என்கிறாரா, எனக்கு விளங்கவில்லை. மெகருன்னிஸா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

குனிந்து சோற்றைக் கூட்டும்போது நெஞ்சில் எரிச்சல். சோடா வாங்கி வரச் செய்து பெருங்காயம் போட்டுக் குடித்தேன். ஏப்பம் வரவில்லை. அப்புறம் தானாக அடங்கியது.

சாயங்காலம் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை. மன்னிப்புக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

மார்ச் 15

வாய்வுதான். சுக்கு தட்டிப் போட்டுக் குடித்தேன்.

மார்ச் 19, புதன்

காலையிலிருந்து தாடை வலிக்கிறது. கடைவாய்ப் பல்லாக இருக்கும். இந்த வலி பல்லிலிருந்து தோளுக்கு இறங்குமா, தெரியவில்லை. கரண்ட் இருக்கிறது, காற்றாடி ஓடுகிறது, ஆனாலும் ரவிக்கை பிழிந்துவிடலாம் போல வியர்வை. இவர் காலைப் பலகாரத்தைத் தொடவில்லை. நான் எங்கே போனாலும் கண் பின்னாலேயே வருகிறது. பயறு அடுப்பில் இருக்கிறது. கொஞ்சம் உட்கார்ந்து எழுதினால் சரியாகும் என்று உட்கார்ந்தேன்.

எழுத்து கோணலாக வருகிறது. ரோஸ்லின் வண்டிச் சத்தம். கதவைத் திறக்கணும்.

மார்ச் 24, திங்கள். மதுரை

ஆஸ்பத்திரி. ஹேமா இந்த டைரியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நிமிர்ந்து உட்கார விடுகிறார்கள்.

அன்று ரோஸ்லின் பாயை விரித்து, வாங்க அங்கிள் என்றாள். இவர் அசையவில்லை. அவள் பைக்குள் இடது கையை விட்டுத் துழாவி, பிரஷர் பார்க்கும் மிஷினை வெளியே எடுத்தார். தனக்குப் பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்து அவள் பட்டையை இவர் கையில் சுற்றப் போனாள். இவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மறுபடி சுற்றினாள், மறுபடி இழுத்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வீம்பு பிடிக்கிறார், ரெண்டு நாளாகவே இப்படித்தான் என்றேன். அப்போது இவர் ரோஸ்லினின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவள் கையைக் கொண்டுவந்து என் கைமேல் வைத்தார்.

"சரக்கு" என்றார். கத்தவில்லை. மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

ரோஸ்லின் அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். "எவ்வளவு நேரமா ஆன்ட்டி இப்படி வேர்க்குது?" என்று கேட்டாள். பிரஷர் பார்த்தாள். என்ன எண் என்று சொல்லவில்லை. ஆம்புலன்சுக்கும் ஒரு டாக்டருக்கும் போன் போட்டாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு, இவருடைய மாத்திரை டப்பாவிலிருந்தே ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை ஒன்றை எடுத்து என்னை மெல்லச் சொன்னாள். அடுப்பில் பயறு வேகிறது, இவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

"நீங்க இப்ப எந்திரிச்சா அப்புறம் அங்கிளுக்குச் சாப்பாடு கொடுக்க ஆளே இருக்காது. உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். மெகருன்னிஸா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். படுக்கையில் வைத்து வண்டியில் ஏற்றும்போதும், வரகை உதிரியாக வேகவிடணும், உப்பைக் குறைக்கணும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே போனேனாம். இவர் வாசலில் நின்று ஊன்றுகோலால் தரையை ஓங்கித் தட்டினார். பேசாமல் போ என்று அர்த்தம். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மாரடைப்பு. ஊரிலேயே ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசி போட்டு இங்கே அனுப்பினார்கள். இங்கே குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை முந்நூற்று நாற்பது. எத்தனை வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சர்க்கரை கிடையாது என்றேன். "அது உங்களுக்குத் தெரியாம ரொம்ப நாளா இருக்கும்மா" என்றார். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றும் சொன்னார்.

ஹேமா முதலில் வீட்டுக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தாளாம். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருக்கிறாள். இவர் மாடிப்படியைக் காட்டினாராம். நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கிக் காட்டினாராம். தோளைத் தேய்த்துக் காட்டினாராம். ராத்திரி தண்ணீர் குடிப்பதைக் காட்டினாராம். கடைசியில் அடுக்களைக்குக் கூட்டிப் போய் அரிசி மூட்டையைக் காட்டினாராம்.

ஹேமா சொல்லி முடித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஊசி மருந்தால் இருக்கும்.

மார்ச் 26, புதன்

வார்டுக்குச் சாருமதி வந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, அங்கிளை மறுபடி சேர்த்திருக்கிறீர்களா, எந்தக் கட்டில் என்று கேட்டாள். நான் என் கையில் குத்தியிருந்த ஊசியைக் காட்டினேன். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நீங்க என்ன சாப்பிட்டீங்க? அவருக்கு என்ன கொடுத்தீங்கன்னு கேக்கல" என்றாள்.

சொன்னேன். சொல்லும்போதுதான் அது என் காதிலேயே விழுந்தது. மிச்சத்தை, மீந்ததை, வீணாகக் கூடாதென்பதை. சோறு, கஞ்சி, பன், ரஸ்க். அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, அந்தச் சோறு மட்டுமே இதைச் செய்துவிட்டது என்று சொல்ல முடியாது, தூக்கமில்லை, கவனிக்காத சர்க்கரை, கவனிக்காத பிரஷர் எல்லாமும் சேர்ந்தது என்றாள். ஆனால் அவருக்குச் செய்த சமையல் உங்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதானே என்று கேட்டாள்.

மார்ச் 30, ஞாயிறு

வீடு. இவர் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்து பளிச்சென்று இருந்தது. என் கையிலிருந்த பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பொன்னி மூட்டையைக் காணவில்லை. கோயில் பொங்கல் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டதாக ஹேமா சொன்னாள். அவள் இன்னும் ஒரு வாரம் இருப்பாள். அதற்குப் பிறகு காலையில் சமையலுக்கு ஒரு அம்மா வருகிறாராம். என்னைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

இப்போது என்னைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அதே பன், அதே ரஸ்க்.

ஹேமா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். இவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஒரு பன்னில் பாதியைப் பிய்த்து டீயில் நனைத்தேன். பாதிதானே. வாய்க்குக் கொண்டு போகும்போது பார்த்தால், கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சண்டை பிடித்துக்கொண்டது. அவர் ஒரே வார்த்தையில், நான் மீதி எல்லாவற்றிலும். டாக்டர் மெதுவாகப் பேசச் சொன்னதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சண்டை போட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் நான், சட்டியில் என்ன இருந்ததோ அதைத் தின்றேன், என்றைக்காவது நீங்கள் என் தட்டைப் பார்த்ததுண்டா, வாய் இருந்த காலத்தில் ஊர்க் கதையெல்லாம் பேசினீர்களே, நீ சாப்பிட்டாயா என்று ஒரு நாள் கேட்டதுண்டா, இப்போது வாய் போனபிறகு என்ன அக்கறை என்று கேட்டேன். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. எழுந்து, ஊன்றுகோலை ஊன்றி, என் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றார். இடது கையைத் தன் நெஞ்சில் வைத்தார். பிறகு என் நெஞ்சைக் காட்டினார். பிறகு அந்தக் கையை விரித்துப் பிடித்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. விழாத கை அது. நடுங்க வேண்டிய காரணம் இல்லை.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றேன். "டிசம்பர்லேருந்து பயம்தான். நீங்க போயிடுவீங்களோன்னு உங்களையே பாத்துக்கிட்டிருந்தேன். என்னைப் பாத்துக்கணும்னு தோணல."

"சரக்கு" என்றார். ஆமாம் என்கிற சரக்கு.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெகருன்னிஸா குரல் கொடுத்தாள். என்ன ஜெயக்கொடி, ஒரே சத்தமாக இருக்கிறதே, வரவா என்றாள். ஒன்றுமில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

பன்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. டீயில் ஊறி உதிர்ந்துபோயிருந்தது. அப்படியே கொட்டினேன். கையெல்லாம் கூசியது, இத்தனை வருஷத்தில் சாப்பாட்டை நான் கொட்டியதில்லை.

மத்தியானம் ஹேமா ரெண்டு தட்டிலும் கைக்குத்தல் அரிசிச் சோறு, பாசிப்பயறு, அவரைக்காய், முருங்கைக்கீரை வைத்தாள். நான் அடுக்களைக்குப் போகவில்லை. இவருக்கு எதிரே உட்கார்ந்தேன். இவர் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. கழுத்தை நீட்டி என் தட்டை எட்டிப் பார்த்தார். பயறைக் கண்ணாலேயே அளந்தார், கீரையைப் பார்த்தார், சோற்றை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்தார். மார்க்கெட்டில் சாக்கைப் பிரித்துச் சரக்குப் பார்க்கிற அதே பார்வை.

பிறகுதான் தன் தட்டில் கை வைத்தார்.